வானகரத்தில் எரிந்த பச்சை விளக்கு

உங்கள் ஆய்வகத்துக்கு நான் எப்போது வந்தாலும் நாற்காலி போடுகிறீர்கள். கேன்டீனிலிருந்து டீ வருகிறது. டீ ஆறுவதற்குள் உங்களில் ஒருவர் மடிக்கணினியை என் பக்கம் திருப்பி, ஒரு வரைபடத்தைக் காட்டி, "எப்படி சார் இருக்கு?" என்று கேட்கிறார். இடமிருந்து வலமாக, எங்கும் தடுக்காமல், மாடிப்படி ஏறுவது போல ஏறும் கோடு. "ரொம்ப நல்லா இருக்கே" என்கிறேன். நீங்கள் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்கிறீர்கள். உண்மையில் நான் கவலையில்தான் அப்படிச் சொல்கிறேன்.

ஓய்வு பெற்றவர் திருநின்றவூரில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு இருக்கலாமே, ரயில் ஏறி வந்து நம் கோட்டைப் பார்த்து ஏன் முகம் சுளிக்கிறார் என்று உங்களில் இருவராவது நினைத்திருப்பீர்கள். யார் யார் என்றும் எனக்குத் தெரியும், பெயர் சொல்ல மாட்டேன். உங்கள் கோட்டைவிட அழகான கோடு ஒன்றை நானும் ஒரு காலத்தில் வைத்திருந்தேன். அதற்கு என்ன ஆனது என்று சொல்கிறேன். அதற்குப் பிறகும் நீங்கள் மடிக்கணினியைத் திருப்பினால் திருப்புங்கள்.

ஏழெட்டு வருடங்களுக்கு முன் ஒரு நிதி அமைப்பு அறிவிப்பு வெளியிட்டது. ஒன்றுக்கொன்று ஒட்டாத துறைகள் சேர்ந்து விண்ணப்பித்தால் முன்னுரிமை. அப்படித்தான் எங்கள் கூட்டணி அமைந்தது. நான் அளவிடும் கருவிகள் செய்கிற பொறியாளன். இரண்டாமவர் கல்வியியல் பேராசிரியை, ஆசிரியராகப் போகிறவர்களுக்குச் சொல்லித்தரக் கற்றுக்கொடுப்பவர். அவரை எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். மூன்றாமவர் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தரும் டாக்டர். முதல் மூன்று கூட்டங்களில் ஒருவர் பேசியது மற்ற இருவருக்கும் புரியவில்லை. ஆனால் மூவரும் தலையாட்டினோம். குறிப்பேட்டில் "பயனுள்ள கலந்துரையாடல்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். இதையெல்லாம் நீங்கள் கண்டுபிடித்ததாக நினைக்காதீர்கள்.

நாலாவது கூட்டத்தில் டாக்டர் பேச்சை விட்டுவிட்டு, தன் மூன்று விரல்களை நெட்டுக்குத்தாக அடுக்கித் தன் வாய்க்குள் நுழைத்துக் காட்டினார். நல்ல வாய் இவ்வளவு திறக்கும். வாய்ப் புற்றுக்கு அறுவையும் கதிர்வீச்சும் முடிந்தவர்களுக்குத் தாடை மெல்ல மெல்ல இறுகும். மூன்று விரல் இரண்டாகும், இரண்டு ஒன்றரையாகும், கடைசியில் இட்லியைக் கரைத்துக் குடிக்க வேண்டியதுதான். நோய் போய்விட்டிருக்கும், ஆனால் சாப்பாடும் போய்விட்டிருக்கும். தினமும் வாயை இழுத்துத் திறந்து பழகினால் இதைத் தடுக்கலாம். ஐஸ்குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கிடையே செருகிக்கொண்டு, வாரம் ஒரு குச்சியாகக் கூட்டச் சொல்லி அனுப்புகிறார்கள். வலிக்கும். அதனால் வீட்டுக்குப் போனதும் பாதிப்பேர் விட்டுவிடுகிறார்கள். யார் செய்கிறார்கள், யார் செய்வதில்லை என்று டாக்டருக்குத் தெரிய வழியில்லை.

"ஐஸ்குச்சியா?" என்று கேட்டேன். நான் அதைக் கேட்ட தொனி இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. "டாக்டர், அதை எங்கிட்ட விடுங்க."

ஆறு மாதத்தில் கருவி தயார். துணிக்கிளிப்பைப் பெரிதாக்கியது போல இருக்கும். வாயில் வைத்துக் கைப்பிடியை அழுத்தினால் தாடை திறக்கும். கைப்பிடிக்குள் ஓர் அசைவு உணரியைப் பொருத்தியிருந்தேன். ஒவ்வோர் அசைவையும் அது எண்ணும். ஒரு நாளைக்கு நூற்றைம்பது முறை என்று டாக்டர் சொன்ன கணக்கு முடிந்ததும் கைப்பிடியில் ஒரு பச்சை விளக்கு எரியும். மாதக் கடைசியில் கருவியைக் கணினியில் மாட்டினால் எந்த நாள் எத்தனை முறை என்று கொட்டிவிடும். இதில் எனக்குப் பெரிய பெருமை என்ன தெரியுமா? சுவிட்ச் கிடையாது. நோயாளி போட மறப்பார், அணைக்க மறப்பார் என்று அதை எடுத்தேவிட்டேன். "அவங்க எதையும் ஞாபகம் வெச்சுக்க வேண்டாம், கருவியே பார்த்துக்கும்" என்று மூன்று மேடைகளில் பேசினேன்.

மேடம் மட்டும் ஒரு நாள் கருவியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "இந்த லைட் எரிஞ்சதும் அவங்க என்ன நினைச்சுக்குவாங்க சார்?"

"சந்தோஷப்படுவாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன மேடம், அடுத்த நாள் செய்வாங்க."

அவர் ஏதோ எழுதிக்கொண்டார். கல்வியியல்காரர்கள் எதற்கெடுத்தாலும் எழுதிக்கொள்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினெட்டுப் பேருக்குக் கருவி கொடுத்தோம். மூன்று மாதம் கழித்துக் கணினியில் ஏறிய எண்களைப் பார்த்து நான் இருக்கையிலிருந்து எழுந்தே நின்றுவிட்டேன். ஒருவர்கூடச் சோடை போகவில்லை. அவர்களிலும் முதல் இடம் மெஹருன்னிசா என்ற அம்மாவுக்கு. பூந்தமல்லியில் வீடு, வயது ஐம்பதை ஒட்டி, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஆயத்த ஆடைக் கூடத்தில் தையல் வேலை. இடது கன்னத்தில் அறுவை நடந்து, கதிர்வீச்சும் முடிந்து, மீண்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். திங்கள் முதல் சனிவரை ஒரு நாள் தவறாமல் இலக்கைத் தாண்டியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எண்ணிக்கை அதலபாதாளம்.

இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நான் விளக்கம் கண்டுபிடிக்காமல் விட்டிருப்பேனா? விடுமுறை நாளில் பெண்களுக்கு வீட்டு வேலை அதிகம், ஆகவே தங்கள் உடல்நலப் பயிற்சியைத் தள்ளிப்போடுகிறார்கள் என்று ஒரு பத்தி எழுதினேன். சமூகப் பார்வையுள்ள பொறியாளன் என்று எனக்கே என்மேல் மரியாதை வந்தது. கட்டுரை ஒரு மாநாட்டில் ஏற்கப்பட்டது. இரண்டாம் கட்டத்துக்கு நிதி தரலாமா என்று முடிவுசெய்ய, நிதி அமைப்பின் குழு ஒரு வெள்ளிக்கிழமை நம் கல்லூரிக்கு வருவதாகக் கடிதம் வந்தது. முதல்வர் என் அறைக்குத் தானே வந்து கை கொடுத்தார். அவர் என் அறைக்கு வந்தது அதுதான் முதல்முறை.

அந்த வாரத் திங்கட்கிழமை மதியம் டாக்டர் கூப்பிட்டார்.

"சார், உங்க ஃபர்ஸ்ட் ரேங்க் பேஷன்ட் வந்திருக்காங்க. வாய் திறக்கலை."

"எந்த வாய்?"

"மெஹருன்னிசா அம்மா. போன தடவை ரெண்டு விரல் போச்சு. இப்ப ஒன்றரைகூடப் போகலை."

என் வாயிலிருந்து வந்த முதல் பதில் இதுதான்: "அளவு சரியாத்தான் எடுத்தீங்களா டாக்டர்?"

அவர் பண்பானவர். நிதானமாகவே சொன்னார். பயிற்சி செய்யாமல் வாய் இறுகினால் புரிந்துகொள்ளலாம். இவ்வளவு ஒழுங்காகப் பயிற்சி செய்தும் இறுகுகிறது என்றால் டாக்டர் வேறு மாதிரி யோசிக்க வேண்டும். நோய் உள்ளே திரும்பி வந்து தசையைப் பிடித்திருக்கலாம். ஸ்கேனுக்கு எழுதியிருக்கிறார். மயக்க மருந்து கொடுத்துக் கன்னத்துக்குள்ளிருந்து சதை எடுத்துப் பார்க்க வியாழக்கிழமைக்கு ஏற்பாடு செய்திருக்கிறார். கதிர்வீச்சுப் பட்ட இடத்தில் கத்தி வைத்தால் புண் ஆறுவது சிரமம், ஆனாலும் வேறு வழி தெரியவில்லை.

"அவங்ககிட்டச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லாம எப்படி சார் கையெழுத்து வாங்கறது?"

போனை வைத்துவிட்டு நான் மறுபடி கணினியைத்தான் திறந்தேன். எண்கள் அப்படியே பளபளவென்று இருந்தன. கருவியில் தவறில்லை, பாவம் அந்த அம்மாவுக்கு விதி என்று மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். பேனாவை மூடினார்.

"நாளைக்குக் காலையில அவங்க வீட்டுக்குப் போய்ப் பார்ப்போமா சார்?"

"போய் என்ன பார்க்கிறது? டேட்டா இங்கதானே இருக்கு?"

"டேட்டா இங்க இருக்கு. வாய் அங்க இருக்கே."

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்குப் பூந்தமல்லியில் ஒரு சந்துக்குள் அந்த வீட்டைக் கண்டுபிடித்தோம். மெஹருன்னிசா வேலைக்குக் கிளம்பித் தயாராக நின்றிருந்தார். துப்பட்டாவைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். பல் இடுக்கிலிருந்து வருவது போலத்தான் பேச்சு வந்தது, ஆனால் தெளிவாக இருந்தது.

"இன்னா சார், இம்மாந்தூரம் வந்துகீறீங்க? மேடம் வேற. உள்ள வாங்க."

"இன்னிக்கும் வேலைக்குப் போறீங்களா?" என்று மேடம் கேட்டார்.

"ஊட்ல குந்திகினு இருந்தா பயம்தான் மேடம் ஏறுது. மிஷின்ல உக்காந்தா துணி மேலயாச்சும் கண்ணு இருக்கும்." பின்னால் நின்றிருந்த மகளை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "டைம் ஆச்சு. பஸ்லயே பேசிகினு போலாமா?"

பேருந்தில் மேடமும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர்கள் தலைக்கு மேல் நின்றேன். மேடம் நோயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்ன தைக்கிறீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை காலர், மதியம் எங்கே சாப்பிடுவீர்கள் என்றுதான் பேச்சு. எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. குமணன்சாவடி, வேலப்பன்சாவடி எல்லாம் தாண்டின. சாலை வேலை நடந்துகொண்டிருந்த காலம். பேருந்து ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி, உடம்பை உதறிக்கொண்டு ஏறியது. வானகரத்தில் திரும்பும்போது, மேடம் சாதாரணமாகக் கேட்டார்.

"அந்தக் கருவியை எப்பம்மா செய்வீங்க? வீட்லயா, கம்பெனியிலயா?"

"கம்பெனியில லஞ்சு டைம்ல செய்யலாம்னுதான் பையிலயே வெச்சிகினு போறேன் மேடம்." மடியிலிருந்த பையின் ஜிப்பைத் திறந்தார். சாப்பாட்டு டப்பாவுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவே என் கருவி செங்குத்தாக நின்றது. அதன் கைப்பிடியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ஆங், வந்துருச்சி பாருங்க சார்" என்று என்னை அண்ணாந்து பார்த்தார். "தெனமும் கரெக்டா வானகரம் வந்தா எரிஞ்சிரும்."

காலை எட்டே கால் மணி. அன்றைக்கு அவர் கருவியை வாயில் வைக்கவேயில்லை.

மூன்று மாதமாக நான் கும்பிட்டுக்கொண்டிருந்த கோட்டை யார் வரைந்தது என்று அந்த நொடியில் எனக்குப் புரிந்தது. பூந்தமல்லி நெடுஞ்சாலை வரைந்திருக்கிறது. கைப்பிடி அசைந்தால் ஒன்று என்று எண்ணச் சொன்னவன் நான். தாடையால் அசைகிறதா, பள்ளத்தால் அசைகிறதா என்று அதற்கு எப்படித் தெரியும்? சுவிட்சும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் பேருந்து ஏறுவதில்லை. அவ்வளவுதான் என் சமூகப் பார்வை.

"அப்ப நீங்க செய்யறதே..." என்று நான் ஆரம்பித்தேன். மேடத்தின் செருப்பு என் கால் பெருவிரல் மேல் ஏறி நன்றாக அழுத்தியது. நான் நிறுத்தினேன்.

"விளக்கு எரிஞ்சதும் நீங்க என்ன நினைச்சீங்கம்மா?" என்று மேடம் கேட்டார்.

"மொத ரெண்டு வாரம் செஞ்சேன் மேடம். உயிரே போற மாறி வலி. அப்புறம் பாத்தா காலையில கொஞ்சம் செஞ்சாலே பஸ்ல வர்றப்போ லைட்டு எரிஞ்சிருச்சி. சரி, நமக்கு இவ்ளோதான் வேணும்போல, மிஷினுக்குத் தெரியுதுனு நெனச்சிகினேன். பச்சை எரிஞ்சா அன்னிக்குப் போதும்னுதான டாக்டரு சொன்னாரு. அப்புறம் செய்யாமயே எரிஞ்சுது." கொஞ்சம் தயங்கினார். "எனக்கும் டவுட்டுதான் சார். ஆனா காலேஜ்ல இருந்து இவ்ளோ பெரிய சாரு செஞ்சி குடுத்துகீறாரு, அது தப்பா இருக்குமா?"

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

எஸ்டேட் நிறுத்தத்தில் அவர் இறங்கித் தன் கூடத்துக்குள் போனார். நாங்கள் இருவரும் எதிரே இருந்த டீக்கடையில் நின்றோம். இனி நான் சொல்லப்போவதைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். மற்றதெல்லாம் சிரிப்பதற்கு.

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்றால், வெள்ளிக்கிழமை தோன்றியது. அந்த அம்மாவின் கன்னம் அல்ல, வெள்ளிக்கிழமை. குழு வந்து போகட்டும், நிதி கையெழுத்தாகட்டும், பிறகு "இரண்டாம் கட்டத்தில் கருவியைச் செம்மைப்படுத்துகிறோம்" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். டாக்டரிடம் மட்டும், முழுவதும் சொல்லாமல், வியாழக்கிழமைச் சதைப் பரிசோதனையைத் தள்ளிப்போடச் சொல்ல ஏதாவது காரணம் கிடைக்குமா என்று யோசித்தேன். "கருவியின் ஒரு பகுதித் தரவை மறுஆய்வு செய்கிறோம்" என்று வாக்கியம்கூட அமைந்துவிட்டது. டீ கிளாஸ் கையில் இருக்கும்போதே இவ்வளவும் ஓடி முடிந்தது. நான் கெட்டவன் என்று யாரும் அதுவரை சொன்னதில்லை, நானும் அப்படி நினைத்ததில்லை. நல்லவனுக்கு மூளை இன்னும் வேகமாக வேலை செய்கிறது.

மேடம் என் முகத்தைப் பார்த்தார். முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்க வேண்டும்.

"டாக்டர்கிட்ட நீங்க பேசறீங்களா, நான் பேசட்டுமா சார்?"

"யார் பேசினா என்ன மேடம்?"

"நீங்க பேசினா தப்பை ஒத்துக்கிட்டதா இருக்கும். நான் பேசினா புகார் சொன்னதா இருக்கும்."

டீயைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தேன். நான் அமைத்து வைத்திருந்த வாக்கியம் மறந்துவிட்டது. "டாக்டர், அந்த அம்மா பயிற்சி செய்யலை. பஸ்தான் செஞ்சிருக்கு. தப்பு அவங்க மேல இல்லை, என் மேல" என்று உளறினேன். பஸ் எப்படிச் செய்யும் என்று அவருக்குப் புரிய இரண்டு நிமிடம் ஆனது. கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"மத்த பதினேழு பேர்?"

அது எனக்குத் தோன்றவேயில்லை. பாருங்கள், ஒருவர் விஷயத்தை ஒத்துக்கொண்டதிலேயே நான் மகாத்மா ஆகிவிட்டேன்.

அன்று முழுவதும் மேடமும் நானும் பதினேழு பேரையும் போனில் பிடித்தோம். கருவியை நம்பாதீர்கள், பச்சை விளக்குக்கு அர்த்தமில்லை, இன்றைக்கே பழைய குச்சிகளை எடுங்கள் என்று சொன்னோம். ஆவடியில் ஒருவர், கருவி தொலைந்துவிடக் கூடாதே என்று வாஷிங் மெஷின் மேல் பத்திரமாக வைத்திருந்தார். அந்த வாஷிங் மெஷின் மிக ஒழுங்காகப் பயிற்சி செய்திருந்தது. மாங்காட்டில் ஒருவருடைய கருவி ஸ்கூட்டர் பெட்டிக்குள்ளேயே குடியிருந்தது. உண்மையாகவே செய்துகொண்டிருந்தவர்களும் இருந்தார்கள். ஆனால் யார் உண்மை, யார் ஸ்கூட்டர் என்று என் எண்களைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

டாக்டர் அவசரப்படவில்லை. "நீங்க சொன்னதுக்காக நோய் இல்லைன்னு நான் முடிவு பண்ண முடியாது சார்" என்றார். புதன்கிழமையே ஸ்கேன் எடுத்தார். அதில் சந்தேகப்படும்படி ஒன்றும் இல்லை. வியாழக்கிழமைச் சதைப் பரிசோதனையை நிறுத்திவைத்து, ஒரு மாதம் நேரடிக் கண்காணிப்பில் குச்சிப் பயிற்சி, அதற்கும் வாய் திறக்கவில்லை என்றால் மறுபடி யோசிக்கலாம் என்றார்.

ஸ்கேன் முடிந்து வெளியே உட்கார்ந்திருந்த மெஹருன்னிசாவிடம் நானே போய்ச் சொன்னேன். கருவி பள்ளத்தை எண்ணியது, உங்கள் வாயை எண்ணவில்லை, இது என் பிழை, மன்னிக்க வேண்டும் என்றேன். "பரவால்ல சார்" என்பார் என்று எனக்குள் ஓர் எதிர்பார்ப்பு இருந்தது. சிகிச்சைக்கு வருபவர்கள் அப்படிச் சொல்லி நம்மைப் பழக்கிவிட்டார்கள்.

அவர் சொல்லவில்லை.

"நோவு திரும்பி வந்துகீதுனு டாக்டரு சொன்னதும் நான் இன்னா பண்ணேன் தெரியுமா சார்? ஊட்டுக்குப் போயி பீரோ சாவிய எம் பொண்ணு கையில குட்த்தேன். எது எங்க கீதுனு சொல்லிக் குட்த்தேன். அது சாவிய வெச்சிகினு அழுவுது. நான் அழுவாம நிக்கிறேன்." மூச்சு வாங்கியது அவருக்கு. "நான் ஒரு சட்டைய தப்பா தெச்சா பிரிச்சி தெக்கலாம். நீங்க பண்ணத எங்க சார் பிரிக்கிறது?"

பக்கத்தில் இருந்த காலி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். எழுந்து போய்விடுவது இன்னும் கேவலம் என்று மட்டும் தோன்றியது. கடைசியில் அவரே பேசினார்.

"சரி. அந்தக் குச்சிய எப்டி வெக்கணும்னு இன்னொரு தபா காட்டச் சொல்லுங்க. லைட்டு வேணாம் எனக்கு."

வெள்ளிக்கிழமை குழு வந்தது. முந்தின நாள் முதல்வர் என்னைக் கூப்பிட்டு, "ஒரு அடிக்குறிப்பு போட்டுச் சமாளிக்க முடியாதா?" என்று மிக அன்பாகக் கேட்டிருந்தார். சமாளிக்க முடியும் என்பதுதான் பிரச்சினையே. நான் அழகான கோட்டை முதலில் காட்டினேன். எல்லோரும் முகம் மலர்ந்தார்கள். பிறகு அதே கருவியைப் பையில் போட்டு நானே இரண்டு நாள் பூந்தமல்லிக்கும் அம்பத்தூருக்கும் பேருந்தில் போய்வந்த கோட்டைக் காட்டினேன். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. குழுவில் ஒருவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். இன்னொருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இதை நாங்களா கண்டுபிடிச்சிருக்க மாட்டோமே, ஏன் சொன்னீங்க?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் ஏதோ விதிமுறை, நெறிமுறை என்று சொல்லி வைத்தேன். பீரோ சாவியைப் பற்றி அந்த அறையில் சொல்லக் கூச்சமாக இருந்தது. இப்போது யோசித்தால் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாம் கட்டத்துக்கு நிதி வரவில்லை. மாநாட்டுக் கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். முதல்வர் அதற்குப் பிறகு என் அறைக்கு வரவில்லை. அந்த வருடம் எனக்கு வந்திருக்க வேண்டிய துறைத்தலைவர் பதவி பக்கத்து அறைக்குப் போயிற்று. அவர் நல்ல மனிதர், நன்றாகவே செய்தார். உண்மை சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று உங்களுக்கு யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சில விஷயங்கள் சரியாகும், சில ஆகாது. எவை ஆகும் என்று முன்கூட்டித் தெரியாது.

கருவியைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டு, திட்டத்தில் மிச்சமிருந்த கொஞ்ச நாளில் மேடம் சொன்னபடி வேலை செய்தோம். அவர் செய்தது ரொம்பச் சின்ன விஷயம். நோயாளிகளை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, குச்சி எப்படி வைப்பது, எங்கே வலித்தால் நிறுத்துவது, எப்படி அளப்பது என்று ஒருவர் மற்றவருக்குச் சொல்லித்தர வைத்தார். சொல்லித்தருகிறவருக்குத்தான் நன்றாக மனதில் பதியும் என்பது அவர் தொழில் ரகசியம். மெஹருன்னிசாவுக்கு ஜோடி அந்த ஆவடி வாஷிங் மெஷின்காரர். "அண்ணாத்தே, வாயத் தொறங்க. இன்னும். இன்னும். துணி தெக்கிற ஊசியா குத்துறேன், இப்டி பயப்படுறீங்க?" என்று அந்த அம்மா அதட்டுவது தாழ்வாரம்வரை கேட்கும். அவரை அதட்டிவிட்டு அதே வலியில் தன் குச்சியையும் வைத்துக்கொள்வார். கண்ணில் நீர் வழியும். எண்ணுவதை நிறுத்த மாட்டார். ஒரு மாதத்தில் பழைய இரண்டு விரலுக்குத் திரும்பினார். சதைப் பரிசோதனை தேவையில்லை என்று டாக்டர் அன்றைக்குத்தான் எழுதிக் கொடுத்தார். மகளும் கூட வந்திருந்தாள்.

அதன் பிறகும் அவர் நிறுத்தவில்லை. திட்டம் முடியும் கடைசி வாரம், எல்லோருக்கும் இறுதி அளவு எடுத்தோம். டாக்டர் வேறு வேலையாக இருந்ததால் மெஹருன்னிசாவுக்கு அளவுகோலைப் பிடித்தவன் நான். மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி, நான் குனிந்து பார்த்தேன். மூன்று விரல் இல்லை, ஆனால் இரண்டைத் தாண்டிவிட்டது. மனசுக்குள் எனக்குக் குதி போட வேண்டும் போல் இருந்தது.

"முப்பத்திரண்டு மில்லிமீட்டர்!" என்று மேடத்தைப் பார்த்துக் கத்தினேன். மேடம் பேனாவை எடுத்தார்.

மெஹருன்னிசா ஸ்கேல் வாயில் இருக்கும்போதே தலையை இடதும் வலதும் ஆட்டினார். பேச முடியவில்லை. என் கையைத் தட்டிவிட்டு, கீழ்ப் பல் தொட்ட இடத்தில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, துணியில் அளந்து குறி வைப்பது போல அளவுகோலை அப்படியே வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டினார்.

"நல்லா பாருங்க சார். என் நெகம் எங்க கீது?"

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தேன். "முப்பது."

"அப்போ முப்பதுனு எழ்துங்க மேடம்" என்றார். "மீதி ரெண்ட நான் தொறந்துட்டு வந்து சொல்றேன்."